வியாசெஸ்லாவ் எகிமோவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலையில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஓட ஆரம்பித்தால் நான் எப்படியாவது எகிமோவ் பேச்சை எடுத்துவிடுவேன். கேட்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

யாருங்க இந்த எகிமோவ்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

ரஷ்ய சைக்கிள் பந்தய வீரர். 1966 பிப்ரவரி 4ஆம் தேதி, பின்லாந்து எல்லையை ஒட்டிய வைபோர்க் நகரில் பிறந்தவர். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், டிராக் பந்தயங்களில் பல உலகப் பட்டங்கள். டூர் டி பிரான்ஸில் பதினைந்து முறை கிளம்பி, பதினைந்து முறையும் பாரிஸ் போய்ச் சேர்ந்தவர். சக வீரர்கள் கூப்பிடுவது "எக்கி" என்று.

நம்மில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. டூரை ஜெயித்தவர்களின் பெயர்தான் செய்தியில் வரும், இவர் டூரை ஜெயித்தவர் இல்லை, அதிகபட்சம் 1995இல் 18ஆம் இடம். ஆனால் டூரை ஜெயிக்க நினைத்த அணிகள் இவர் மாதிரி ஆளைத்தான் தேடின. ஏன் என்று கீழே வருகிறது.

எகிமோவா, யெகிமோவா? எப்படிச் சொல்றது?

ரஷ்ய மொழியில் சொல்லும்போது "யெகிமோவ்" என்றுதான் காதில் விழும். மேற்கு ஐரோப்பியப் பத்திரிகைகள் எகிமோவ் என்று எழுதி அதுவே நிலைத்துவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான். முதல் பெயரும் ஊருக்கு ஊர் ஒவ்வொரு மாதிரி எழுதப்படும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டிராக், ரோடுன்னு ரெண்டு சொல்றீங்க. ரெண்டும் சைக்கிள்தானே, அப்படி என்ன வித்தியாசம்?

சைக்கிளே வேறு. டிராக் சைக்கிளில் கியர் மாற்ற முடியாது, பிரேக் கிடையாது, பெடல் பின்சக்கரத்தோடு பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றுகிற வரை காலும் சுற்றித்தான் ஆக வேண்டும். ஓடுகிற இடம் வெலோட்ரோம், வளைவுகளில் சுவர் மாதிரி சரிந்து நிற்கும் நீள்வட்டப் பாதை. அங்கே நடக்கும் பர்சூட் என்ற போட்டியில் இரண்டு பேர் பாதையின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கிளம்புவார்கள், ஒருவரை ஒருவர் துரத்துவதுதான் ஆட்டம். நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அந்த நாலைந்து நிமிடமும் நெஞ்சு வெடிக்கிற உழைப்பு.

ரோடு பந்தயம் அதற்கு நேர் எதிர். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம், மழை, வெயில், மலை, கூட்டத்துக்குள் முட்டி மோதல், டூர் என்றால் இதையே மூன்று வாரம். நான்கு நிமிடத்துக்குப் பழகிய உடம்பு மூன்று வாரத்தைத் தாங்குவதே பெரிய விஷயம். எகிமோவ் இரண்டிலும் உச்சத்தில் இருந்தார். அதனால்தான் இவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இவரை யார் உருவாக்கினது? சோவியத் காலத்துல எல்லாம் அரசாங்கம்தானே?

அரசாங்கம் பணம் கொடுத்தது, உருவாக்கியது ஒரு மனிதர். லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பயிற்சியாளராக இருந்த அலெக்சாண்டர் குஸ்நெட்சோவ். மிகக் கண்டிப்பானவர், அவருடைய பயிற்சியைத் தாங்கியவர்கள் உலகத்தில் எந்தப் பந்தயத்தையும் தாங்குவார்கள் என்று பெயர்.

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2004இல் அமெரிக்க ஓபனும் 2009இல் பிரெஞ்சு ஓபனும் ஜெயித்த ஸ்வெட்லானா குஸ்நெட்சோவா இந்தப் பயிற்சியாளரின் மகள்தான். தாய் கலினா சரியோவா, டிராக் ஸ்பிரின்ட்டில் ஆறு முறை உலகச் சாம்பியன். அண்ணன் நிகோலாய் 1996 அட்லாண்டாவில் குழு பர்சூட்டில் வெள்ளி வாங்கியவர். வீடே சைக்கிள், நடுவில் ஒரு டென்னிஸ் ராக்கெட்.

சியோல் ஒலிம்பிக்ல தனியா ஜெயிச்சாரா, டீமாவா?

டீமாக. 1988 சியோலில் நான்கு பேர் சேர்ந்து ஓடும் 4,000 மீட்டர் குழு பர்சூட்டில் சோவியத் ஒன்றியம் தங்கம் வென்றது. எகிமோவோடு இறுதியில் ஓடியவர்கள் ஆர்டூராஸ் காஸ்புடிஸ், கின்டௌடாஸ் உமாராஸ், திமித்ரி நெல்யூபின். காஸ்புடிஸும் உமாராஸும் லிதுவேனியர்கள், நெல்யூபின் லெனின்கிராடுக்காரர். தனிநபர் பர்சூட் தங்கமும் அதே சியோலில் உமாராஸுக்குத்தான் போனது, அதை எகிமோவ் கணக்கில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு, தவறு.

இறுதிப் போட்டி கிழக்கு ஜெர்மனியோடு. சோவியத் அணி 4 நிமிடம் 13.31 விநாடி, ஜெர்மானியர்கள் 4 நிமிடம் 14.09. ஒரு விநாடி கூட இல்லை. குழு பர்சூட்டை ஒரு தடவையாவது கவனித்துப் பாருங்கள்: முன்னால் இருப்பவர் காற்றை முழுக்கத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓட்டுவார், வளைவு வந்ததும் சரிவில் மேலே ஏறி ஒதுங்குவார், மற்ற மூவரும் கீழே சீறிப் போவார்கள், அவர் மேலிருந்து இறங்கிக் கடைசி ஆளின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து ஒட்டிக்கொள்வார். மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக் இல்லாத வண்டியில். அடுத்தவனுக்காகக் காற்றை வாங்குகிற வேலையை எகிமோவ் இங்கேதான் கற்றார் என்று நினைக்கிறேன்.

நெல்யூபின் 2005 புத்தாண்டு இரவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். இந்த நால்வரைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

உலகச் சாம்பியன் பட்டம் எத்தனை? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு இருக்கே?

கணக்கு குழம்புவதற்குக் காரணம் அப்போது அமெச்சூர், தொழில்முறை என்று இரண்டு தனித்தனி உலகப் பட்டங்கள் இருந்ததுதான். அமெச்சூர் தனிநபர் பர்சூட்டில் 1985, 1986, 1989. அமெச்சூர் குழு பர்சூட்டில் 1987. பிறகு தொழில்முறைக்குப் போய் அதே ஆண்டில், 1990இல், ஜப்பானின் மாயெபாஷியில் தொழில்முறை பர்சூட். 1991இல் ஸ்டுட்கார்ட்டில் பாயிண்ட்ஸ் ரேஸ், அதாவது இடையிடையே வரும் ஸ்பிரின்ட்களில் புள்ளி சேர்க்கும் டிராக் போட்டி. ஆக ஆறு. சிலர் ஜூனியர் பட்டங்களையும் சேர்த்து எண்ணுவார்கள், அதனால்தான் எண் மாறுகிறது.

ஒரு மணி நேர சாதனை வச்சிருந்தாராமே? ஆனா மோசர் 1984லயே 51 கி.மீ. ஓட்டிட்டாரே, அப்புறம் எப்படிச் சாதனை?

நல்ல கேள்வி. எகிமோவ் 1986 அக்டோபரில் மாஸ்கோ வெலோட்ரோமில் ஒரு மணி நேரத்தில் 49.672 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது வயது 20. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் 51.151 கிலோமீட்டர் ஓட்டியது மெக்சிகோ சிட்டியில், கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், காற்று லேசான இடம். அந்தக் காலத்தில் உயரமான இடம், தாழ்வான இடம், கூரை உள்ளது, திறந்தவெளி, அமெச்சூர், தொழில்முறை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி சாதனைப் பட்டியல். எகிமோவுடையது கூரைக்குக் கீழே ஓட்டிய சாதனை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

சோவியத் ஆள் எப்படி மேற்கத்திய டீமுக்குப் போனார்? விட்டாங்களா?

கோர்பச்சேவ் காலம், கதவு திறந்துகொண்டிருந்தது. 1989இல் ஆல்ஃபா லும் என்ற அணி சோவியத் வீரர்களை மொத்தமாக இத்தாலியப் பந்தயங்களுக்குக் கொண்டுபோனது. கோனிஷேவ், உக்ருமோவ், அப்துஜாபரோவ் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள். எகிமோவ் அவர்களோடு போகவில்லை. ஓர் ஆண்டு கழித்து, 1990இல், பீட்டர் போஸ்ட் நடத்திய டச்சு அணியான பானசோனிக்கில் சேர்ந்தார். போஸ்ட்டும் டிராக்கில் கொடிகட்டிப் பறந்தவர்தான், இந்தப் பையனின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு நோவமெயில், வேர்ட்பெர்ஃபெக்ட், நோவெல், ரபோபேங்க் என்று போய், 1997இல் யு.எஸ். போஸ்டல், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் பிறகு தலைவராக டூர் ஓட்டிய அமெரிக்க அணி. இடையில் 1999 மட்டும் வேறு அணி. மற்றபடி 2006 வரை அதே கூடாரம், 2005இலிருந்து பெயர் மட்டும் டிஸ்கவரி சேனல் என்று மாறியது.

15 டூர் ஓட்டி ஒரே ஒரு ஸ்டேஜ்தான் ஜெயிச்சாரா? அப்ப என்ன பெரிய ஆளு?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று கூடச் சொல்லலாம்.

ஆம், தனியாக ஜெயித்தது ஒன்றுதான். 1991இல், எக்ஸ்-லே-பேனிலிருந்து மாக்கோன் வரை ஓடிய 20ஆம் கட்டம், அதாவது ஸ்டேஜ், டூரின் ஒரு நாள் ஓட்டம். ஆனால் சைக்கிள் பந்தயத்தில் ஓர் அணியில் எட்டு ஒன்பது பேர் ஓடுவது ஒரு தலைவருக்காக. முன்னால் ஓட்டுபவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அந்த மிச்சத்தைத் தலைவருக்குக் கொடுப்பதற்காக யாரோ ஒருவர் முன்னால் போய்க் காற்றில் நிற்க வேண்டும், மணிக்கணக்கில். பிரெஞ்சில் இவர்களை டொமெஸ்டீக் என்பார்கள், வீட்டு வேலையாள் என்று பொருள். மலை வந்ததும் தலைவர் மேலே பறந்துவிடுவார், கேமரா அவரோடு போய்விடும். காலையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் இழுத்தவர் பின்தங்கி, நேரக்கெடுவுக்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். மறுநாள் காலை மறுபடியும் அதே வேலை. எகிமோவ் இதை 40 வயது வரை செய்தார்.

பதினைந்து டூர் என்றால் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பூமியைச் சுற்றி வந்து மேலும் கால் சுற்று. 1998இல் ஊக்கமருந்து விவகாரத்தில் டூரே சிதறிப்போய், 189 பேர் கிளம்பி 96 பேர்தான் பாரிஸ் வந்தார்கள். அந்த 96 பேரில் இவரும் உண்டு.

அப்ப தனக்குன்னு வேற எதுவும் ஜெயிக்கலையா?

ஜெயித்தார். 1992இல் சூரிச் ஒருநாள் பந்தயம், அது அன்று உலகக் கோப்பை வரிசையில் இருந்தது. 1994இல் அமெரிக்காவின் டூர் டு போன்ட். பெல்ஜியத்தில் டி பானே மூன்று நாள் பந்தயம் 1996, 2000 என இரண்டு முறை. எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பிடித்தது ஒரு தோல்வி: 2003 பாரிஸ்-ரூபே. கருங்கல் பதித்த வயல்வழிப் பாதையில் உடம்பு உதறி எடுக்கும் பந்தயம் அது. பீட்டர் வான் பெட்டெகம் முதல், டாரியோ பியெரி இரண்டாவது, எகிமோவ் மூன்றாவது. வயது 37. ரூபேயில் பந்தயம் முடிகிற இடம் ஒரு வெலோட்ரோம், டிராக்கில் வளர்ந்தவர் அந்தக் கல்லையெல்லாம் தாண்டி ஒரு டிராக்குக்குள் வந்து நின்றார்.

2001ல ரிட்டயர் ஆயிட்டார்னு படிச்சேன். அப்ப 2006 வரை ஓட்டினது யாரு?

அவரேதான். 2001 கடைசியில் ஓய்வு அறிவித்தார், ஊருக்குப் போனார், சில மாதங்களிலேயே திரும்பி வந்து 2002 டூரை ஓட்டினார். பிறகு 2005இல் பயிற்சியின்போது மோசமாக விழுந்து காயம், அந்த ஆண்டு டூர் போனது. 1990க்கும் 2006க்கும் இடையில் அவர் இல்லாத டூர் இரண்டே: 1999, 2005. 1999இல் அவர் இருந்த அணி டூருக்கே போகவில்லை.

சிட்னில உல்ரிச், ஆம்ஸ்ட்ராங் ரெண்டு பேரையும் எப்படி ஜெயிச்சார்?

டைம் டிரயல் என்பதால். ஒவ்வொருவராகத் தனித்தனியே அனுப்புவார்கள். பின்னால் ஒட்டிக்கொள்ள யாரும் இல்லை, இழுத்துவிட அணியும் இல்லை, கடிகாரம் மட்டும். எட்டு பேருக்காகக் காற்றில் நிற்பவர் அன்றைக்கு ஒரு நாள் தனக்காக நிற்கலாம். 2000 சிட்னியில் தூரம் 46.8 கிலோமீட்டர். எகிமோவ் 57 நிமிடம் 40 விநாடி, ஜெர்மனியின் யான் உல்ரிச் எட்டு விநாடி பின்னால், லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் மூன்றாவது. ஆண்டு முழுக்க ஆம்ஸ்ட்ராங்குக்காக உழைத்தவர் அன்று அவரையே தாண்டிப் போனார்.

கணக்குப் போட்டால் மணிக்கு 48.7 கிலோமீட்டர் வருகிறது. மேலே சொன்ன மாஸ்கோ சாதனையை நினைத்துப் பாருங்கள்: 20 வயதில், கூரைக்குக் கீழே, வழவழப்பான பாதையில் 49.7. 34 வயதில், தெருவில், வளைவும் ஏற்றமும் இருக்கும் இடத்தில் 48.7. இந்த இரண்டு எண்ணையும் நான் பலமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ஏதென்ஸ்ல வெள்ளியா தங்கமா? ஒரு இடத்துல வெள்ளின்னு இருக்கு, இன்னொரு இடத்துல தங்கம்னு இருக்கு.

இரண்டும் சரி, எந்த ஆண்டில் எழுதியது என்று பாருங்கள். 2004 ஆகஸ்ட் 18 அன்று மேடையில் அவருக்குக் கொடுத்தது வெள்ளி. தங்கம் அமெரிக்காவின் டைலர் ஹாமில்டனுக்கு, சுமார் 19 விநாடி வித்தியாசம். வெண்கலம் பாபி ஜூலிச்சுக்கு.

சில வாரத்தில் ஹாமில்டனின் ஏதென்ஸ் ரத்த மாதிரியில் வேறொருவரின் ரத்தம் கலந்திருப்பதாகச் சோதனை சொன்னது. விதிப்படி இரண்டாவது மாதிரியையும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். இங்கேதான் கோளாறு: அந்த இரண்டாவது மாதிரியை ஆய்வகத்தில் உறைய வைத்துவிட்டார்கள். இந்தச் சோதனைக்கு முழு சிவப்பணுக்கள் வேண்டும், உறைந்தால் அவை உடைந்துவிடும். உறுதிசெய்ய வழியில்லை, பதக்கம் ஹாமில்டனிடமே இருந்தது. அடுத்த மாதமே ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் கொடுத்த மாதிரியில் மாட்டி அவருக்கு இரண்டாண்டுத் தடை வந்தது, ஆனால் அது ஏதென்ஸைத் தொடவில்லை. ரஷ்யத் தரப்பு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது, 2006இல் மனு தள்ளுபடி.

2011இல் ஹாமில்டன் தொலைக்காட்சியில் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார். ஒலிம்பிக் குழு முறைப்படி முடிவெடுத்தது 2012 ஆகஸ்ட் 10இல், பழைய முடிவை மாற்ற இருந்த எட்டு ஆண்டுக் கெடு முடிய சில நாட்களே இருந்தபோது. எகிமோவுக்குத் தங்கம், ஜூலிச்சுக்கு வெள்ளி, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ரோஜர்ஸுக்கு வெண்கலம். ஹாமில்டன் போஸ்டலில் எகிமோவோடு பல ஆண்டுகள் ஒரே ஜெர்சியில் ஓடியவர் என்பது இதில் எனக்கு மிகவும் கனமான விஷயம்.

ஆம்ஸ்ட்ராங் டீம்ல இத்தனை வருஷம் இருந்திருக்கார். அப்ப இவரும் மருந்து எடுத்திருப்பார்தானே?

கேட்க வேண்டிய கேள்விதான், மழுப்ப விரும்பவில்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, போஸ்டல் அணிக்குள் ஊக்கமருந்து ஒழுங்காக ஏற்பாடு செய்து நடத்தப்பட்டதாகச் சொன்னது. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் போயின, 2013இல் சிட்னி வெண்கலமும் போனது, அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஆம்ஸ்ட்ராங்கோடு ஓடிய பதினொரு பேர் சாட்சி சொன்னார்கள், அந்தப் பட்டியலில் எகிமோவ் இல்லை. ஊக்கமருந்துக்காக அவருக்குத் தடை விதிக்கப்பட்டதும் இல்லை.

அதற்கு மேல் "எடுத்தார்" என்றோ "எடுக்கவே இல்லை" என்றோ அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் மேல் எனக்குப் பிரியம் உண்டு, அந்தப் பிரியம் சாட்சியாகாது. அந்தக் காலத்துப் பந்தயங்களைப் பார்க்கும்போது சந்தோஷத்தோடு கூடவே ஒரு வலியும் வருகிறது, அந்தக் காலத்து ரசிகர்கள் பலருக்கும் இப்படித்தான்.

அப்ப மொத்தம் எத்தனை ஒலிம்பிக் தங்கம்? எந்த நாட்டுக்கு?

மூன்று. 1988 சோவியத் ஒன்றியத்துக்காக, 2000, 2004 ரஷ்யாவுக்காக. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் 16 ஆண்டு, நடுவில் ஒரு நாடே இல்லாமல் போயிருக்கிறது. 2012க்கு முன் அச்சான எதிலும் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி என்றுதான் இருக்கும்.

ஓய்வுக்கு அப்புறம் என்ன பண்றார்?

முதலில் பழைய அணியிலேயே பந்தய இயக்குநர், பின்னால் வரும் காரில் உட்கார்ந்து வீரர்களை வழிநடத்தும் வேலை. 2012 அக்டோபரில் ரஷ்ய அணியான கத்யூஷாவின் பொது மேலாளர் ஆனார். வந்த இரண்டே மாதத்தில் அணிக்கு உயர்நிலை உரிமம் மறுக்கப்பட்டது, நடுவர் மன்றத்துக்குப் போய் 2013 பிப்ரவரியில் மீட்டார்கள். அந்த ஆண்டு டூரில் அவர்களுடைய ஹோவாகின் ரோட்ரிகஸ் மூன்றாவது வந்தார். 2016இல் எகிமோவ் ரஷ்ய சைக்கிள் கூட்டமைப்பின் தலைவரானார்.

இவர் மாதிரி டிராக், ரோடு ரெண்டும் ஓட்டின வேற ரஷ்யர் யாராவது?

மிகைல் இக்னாத்யேவ். இவரும் குஸ்நெட்சோவ் கையில் வளர்ந்தவர். எகிமோவுக்கு ஏதென்ஸில் வெள்ளி கொடுத்த அதே ஒலிம்பிக்கில், 19 வயதில், பாயிண்ட்ஸ் ரேஸில் தங்கம் வாங்கினார். பிறகு ரோட்டில் கத்யூஷாவுக்காக ஓட்டினார், கூட்டத்தை விட்டுத் தனியே தப்பிப் போவதில் அசராதவர்.

ஒரே ஒரு வீடியோ பார்க்கணும்னா எதைப் பார்க்கட்டும்?

2006, அவருடைய கடைசி டூரின் கடைசி நாள், பாரிஸ். சிட்னியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், ஆனால் டைம் டிரயல் வீடியோவில் ஒரு மனிதர் குனிந்து ஓட்டுவது மட்டும்தான் தெரியும். 2006 கடைசி நாளில், பந்தயம் முடிகிற ஷான்செலிசே தெருவுக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கவனியுங்கள். வேகம் குறையும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஸ்பிரின்ட் அடிக்கப் போகிற அத்தனை பேரும் பின்னால் நின்றுகொள்வார்கள், 40 வயதுக்காரர் ஒருவர் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து தனியே முன்னால் போவார். அந்தத் தெருவுக்குள் அன்று முதலில் நுழைந்தவர் எகிமோவ்.